மாஸ்கோவில் ஏழு கோப்பை

மாஸ்கோ ஓட்டலின் கீழ்த்தளத்தில் காலைச் சாப்பாட்டு மேசையை மருதாசலம் இரண்டாவது தடவையாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கையில் வெறும் தட்டு. ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் நின்று, லேசாகக் குனிந்து, மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தார். உப்பில் ஊறிய மீன், அதன்மேல் வெங்காய வளையம். சிவப்பாக ஏதோ ஒரு பச்சடி, அதில் பூண்டு. இறைச்சித் துண்டு, அதிலும் பூண்டு. பரிமாற நின்ற அம்மாள் அவரைக் கடையில் எதையோ சுருட்ட வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கடைசியில் அவித்த முட்டை இரண்டும் வெள்ளை ரொட்டி ஒன்றும் எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

இருபத்தேழு வருஷமாக வாரத்தில் ஆறு நாள் அவர் பூண்டைத் தொட்டதில்லை. வெங்காயம், ஊறுகாய், வெற்றிலை எதுவும் கிடையாது. விரதம் ஒன்றுமில்லை, வேலை அப்படி. குன்னூருக்கும் கேத்திக்கும் நடுவில், சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவர் டீ மேக்கர். தினமும் காலையில் கொதிநீர் ஊற்றிய கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்பிவிட்டு, இலையை இன்னும் எவ்வளவு நேரம் வாட்ட வேண்டும், அடுப்புச் சூட்டை ஏற்ற வேண்டுமா இறக்க வேண்டுமா என்று சொல்பவர். பூண்டு தின்ற நாக்கு பொய் சொல்லும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது. அதனால் வீட்டில் மனைவி வேலாமணி இரண்டு அடுப்பிலும் இரண்டு குழம்பு வைப்பாள். “ஊட்டுக்கு ஒரு கொழம்பு, இவுரு நாக்குக்கு ஒரு கொழம்பு. ரெண்டு பொண்டாட்டி கட்டுன ஊடாட்டம் இருக்குது” என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த நாக்கைத்தான் இப்போது நான்கு விமானம் மாற்றி இங்கே அனுப்பியிருந்தார்கள்.

இரண்டாயிரத்தொன்றாம் வருஷம், அக்டோபர். தேயிலை விலை விழுந்து மூன்றாவது வருஷம். ஒரு காலத்தில் நீலகிரித் தூளை நல்லது கெட்டது பார்க்காமல் கப்பல் கப்பலாக வாங்கிக்கொண்டிருந்த ரஷ்யர்கள் கையைச் சுருக்கிக்கொண்டுவிட்டார்கள். கிலோ பதினைந்து ரூபாய்க்குப் போன பச்சை இலை நாலரைக்கு வந்து நின்றது. கோத்தகிரிப் பக்கம் சில தொழிற்சாலைகள் பூட்டிவிட்டன. மருதாசலத்தின் முதலாளி ஸ்ரீநிவாசன், தீபாவளி வரை ஓட்டிப் பார்ப்போம், அதற்குள் ஆர்டர் வராவிட்டால் பூட்டுத்தான் என்று ஆட்களைக் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டார். நாற்பத்திரண்டு ஆட்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்து, மாஸ்கோவில் தேயிலையைப் பொட்டலம் போட்டு விற்கும் கம்பெனி ஒன்று மாதிரி அனுப்பச் சொல்லி எழுதியது. பிடித்திருந்தால் மாதம் ஒரு கன்டெய்னர். தொழிற்சாலைக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து போவதாக ஏற்பாடு. கிளம்ப வேண்டிய நேரத்தில் ஸ்ரீநிவாசனுக்கு மாரடைப்பு வந்து நெஞ்சில் குழாய் வைத்தார்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவர் சொன்னார்: “நீங்க போங்க மருதாசலம். நான் போனாலும் சும்மா கையெழுத்துத்தான் போடுவேன். டீயைப் பத்திக் கேட்டா முழிப்பேன்.”

முட்டையை உரித்துத் தின்று முடிக்கும்போது தாரிணி வந்தாள். முப்பது வயது, தடித்த கோட்டு, சிவந்த மூக்கு. கோயமுத்தூர்ப் பீளமேட்டுக்காரி. டாக்டருக்குப் படிக்க வந்து, மூன்றாம் வருஷம் பிணத்தை அறுக்க முடியாமல் விட்டுவிட்டு, இங்கேயே மொழிபெயர்ப்பு வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தாள். மற்ற நான்கு தொழிற்சாலைக்காரர்களும் வேறு கம்பெனிகளைப் பார்க்கப் போய்விட்டதால் அவள் இன்றைக்கு மருதாசலத்தின் பங்கு.

“ஏனுங்ணா, பத்து மணிக்கு வரச் சொன்னாங்கல்லங்க? இப்ப போன் பண்ணி நாலு மணிக்கு வாங்கங்கறாங்க.”

“ஏனாம்?”

“காரணமெல்லாம் இங்க சொல்ல மாட்டாங்க. அது வரைக்கும் ஊரச் சுத்திப் பாக்கலாம், வாங்க. மாஸ்கோ வந்துட்டுப் பாக்காமப் போனா அண்ணி என்ன சொல்லுவாங்க?”

“அவ ஒண்ணும் சொல்ல மாட்டா அம்மிணி. முட்டி வலிக்குதுன்னு நாந்தான் சொல்லுவேன்.”

விமானத்தில் மடக்கி வைத்திருந்த முழங்கால்கள் இரண்டு நாளாகியும் நிமிரவில்லை. தூக்கமும் சரியில்லை. நாலு மணி வரை கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் அறையில் தனியாகக் கிடந்தால் தீபாவளி நினைப்புத்தான் வரும். எழுந்து மப்ளரைக் கட்டிக்கொண்டார்.

வெளியே புல்லின்மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. மருதாசலம் நின்று குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

“என்னங்ணா?”

“இந்தப் பனிக்குத் தேயிலை ஒரே நாள்ல கருகிப் போயிரும்.”

“இங்க ஏதுங்க தேயிலை?”

“இல்லீங்க, சும்மா சொன்னேன்.”

பூமிக்கடியில் ரயில் ஓடியது. அதற்குப் போகிற நகரும் படிக்கட்டு இறங்கிக்கொண்டே இருந்தது; அடியே தெரியவில்லை. அவர் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து பல் சக்கரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறும் ரயிலில் எத்தனையோ தடவை வந்திருக்கிறார். அதில் பக்கத்துப் பள்ளமாவது கண்ணுக்குத் தெரியும். இங்கே கீழே என்ன இருக்கிறதென்றே தெரியாமல் ஆயிரம் பேர் பேசாமல் நின்றபடி இறங்கினார்கள். ஒருத்தர் முகத்தில்கூடச் சிரிப்பு இல்லை.

“எல்லாரும் சாவு ஊட்டுக்குப் போறாப்ல இருக்காங்களே, அம்மிணி.”

“வேலைக்குப் போறாங்க. நம்மூர்ல காலம்பற குன்னூர் பஸ்ஸுல சிரிச்சுட்டா போறாங்க?”

அது சரிதான் என்று பட்டது.

பெரிய சதுக்கத்தில் இறங்கி நடந்தார்கள். செங்கல் நிறச் சுவர், கல் பாவிய தரை, அந்தக் கோடியில் படத்தில் பார்த்த அந்தக் கோயில். பச்சையும் மஞ்சளும் நீலமுமாக வரி வரியாக, முறுக்கி முறுக்கி வைத்த கும்பங்கள். மருதாசலம் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். குன்னூர் சிம்ஸ் பூங்காவில் மே மாதம் பழக் கண்காட்சி நடக்கும். அன்னாசியும் ஆரஞ்சும் அடுக்கிக் கோபுரம் கட்டி வைப்பார்கள். அதை யாரோ நூறு மடங்காக்கிக் கல்லில் செய்து வைத்ததுபோல் இருந்தது. பின்னாலிருந்து ஒருவன் தோளில் இடித்து, எதையோ முணுமுணுத்துவிட்டுப் போனான்.

“என்ன சொல்றான்?”

“வழில நிக்காதேங்கறான்.”

மருதாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. சீசனில் ஊட்டி, குன்னூர் ரோடெல்லாம் இப்படித்தான் வெளியூர்க் கூட்டம் குல்லாயும் காமிராவுமாக நடுவில் நிற்கும். தொழிற்சாலை ஜீப்பில் போகும்போது அவரே தலையை வெளியே நீட்டி எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் தொட்டபெட்டா ஏறியது இரண்டு தடவை. அதில் ஒரு தடவை மஞ்சு மூடி எதிரில் இருந்த வேலாமணியே தெரியவில்லை. ஊட்டி ஏரியில் படகில் ஏறியதே இல்லை. சுற்றிப் பார்ப்பது என்பது மற்றவர்கள் செய்கிற காரியம். தன் முறை வரும்போது அது இவ்வளவு கால் வலிக்கிற வேலையாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

தாரிணி அவரைக் கோயிலுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாள். கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெருவுக்குள் அழைத்துப் போனாள். அங்கே ஒரு கோட்டின் விலைச் சீட்டைப் படித்துக் காட்டியபோது, “இதுல நாலு மாசச் சம்பளம் தொங்குது” என்றார். ஆற்றுப் பாலத்தில் காற்று காதை அறுத்தது. பாலத்தின் நடுவில் அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மணி ஒன்றரை. முட்டை எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.

“மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு, வாங்க சாப்புடலாம். இப்பவும் வேண்டாம்னு சொன்னீங்கன்னா நான் ஆட்டோ வெச்சு ஏர்போர்ட்டுக்கு அனுப்பிருவேன்.”

“ஆட்டோ இருக்குதா இங்க?”

“இல்லீங்க. சும்மா மெரட்டறேன்.”

அது வேலைக்குப் போகிறவர்கள் தட்டேந்தி நின்று வாங்கிச் சாப்பிடும் இடம். கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கும் பாத்திரங்கள். மருதாசலம் பார்த்துக்கொண்டே வந்தார். பீட்ரூட். முட்டைக்கோஸ். கேரட். உருளைக்கிழங்கு. மறுபடி முட்டைக்கோஸ்.

“கேத்தியில லோடு ஏத்துன லாரிய அப்படியே இங்க கவுத்தாப்ல இருக்குதே.”

“பார்த்தீங்களா? எல்லாம் நம்மூர்க் காய்தானுங்ணா. தாராளமாச் சாப்புடலாம்.”

காய் எல்லாம் நம்மூர்க் காய்தான். ஆக்கியதில்தான் ஒன்றும் பிடிபடவில்லை. பீட்ரூட்டைச் சிவப்புச் சாறாகக் கொதிக்கவைத்து மேலே ஒரு கரண்டி புளித்த பாலாடையை மிதக்க விட்டிருந்தார்கள். குனிந்தார்; பூண்டு. முட்டைக்கோஸைத் தொட்டியில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்திருந்தார்கள். அந்தக் காடி ஒரு நாள் பூரா நாக்கில் நிற்கும். உருளைக்கிழங்கின்மேல் சோம்பு இலை மாதிரி ஒரு பச்சை இலையை நறுக்கித் தூவியிருந்தார்கள். ஒரு நுனியைக் கிள்ளி மென்று உடனே காகிதத்தில் துப்பினார். வாசனைத் தைலத்தைக் கடித்ததுபோல் இருந்தது. பரிமாறும் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பத்து வார்த்தை பேசினாள்.

“திட்டறாளுங்களா?”

“இல்லீங்க, அவங்க பேசறதே அப்படித்தான். வயசானவரு ஒடம்புக்கு என்ன, வயித்துல புண்ணான்னு கேக்கறாங்க.”

“ஆமான்னு சொல்லிருங்க. அதுதான் சுலபம்.”

தாரிணி ஏதோ சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று இளகியது. உள்ளே போய், எதுவும் தூவாத வெறும் உருளைக்கிழங்கு மசியலும், எதிலோ செய்த பழுப்பு நிறக் களியும், பாலாடைக் கட்டியைத் தட்டிச் சுட்ட இனிப்புத் தோசை இரண்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். களி வாயில் மண் வாசனை அடித்தது. தோசை மட்டும் நன்றாக இருந்தது, ஆனால் இனிப்பும் ஆகாது. அரைத் தோசையோடு நிறுத்திக்கொண்டு மசியலை வழித்துத் தின்றார். எதிரே தாரிணி சிவப்புச் சாறில் கறுப்பு ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூண்டு மணம் மேசையைத் தாண்டி வந்தது. அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“ஒரு நாள் தின்னா அப்படி என்னங்ணா ஆயிரும்?”

“ஒண்ணும் ஆகாது அம்மிணி. ஆனா அவங்க என்ற டீயக் கையில வெச்சுட்டு ஏதாச்சும் குத்தம் சொன்னா, அது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியோணும். அதுக்குத்தானே என்னை அனுப்பியிருக்காங்க.”

“உங்க டீ உங்களுக்குத் தெரியுமா? கலந்து வெச்சாலும்?”

“கண்ணக் கட்டி உட்டாலும் தெரியும். இருவத்தேழு வருசம்.”

கம்பெனி ஊருக்கு வெளியே இருந்தது. பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஒரே மாதிரி அடுக்குமாடிகள் ஓடிக்கொண்டே இருந்தன. தலையைச் சன்னலில் சாய்த்தால் தூக்கம் வந்தது. தூங்கினால் நாக்கு தடித்துவிடும் என்று விழித்திருந்தார். தாரிணி ஊர்க் கதை கேட்டாள். அவர் கருப்பம்மாவைப் பற்றிச் சொன்னார்.

கருப்பம்மா அரை ஏக்கர் தோட்டத்தை ஒத்திக்கு எடுத்து, தானே பறித்து, தானே மூட்டை சுமந்து தொழிற்சாலைக்குக் கொண்டுவருகிறவள். முன்பெல்லாம் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளித்தான் எல்லோரும் கொண்டுவருவார்கள். பிறகு ரஷ்யாவுக்கு எதைக் கொடுத்தாலும் போகும் என்று ஆனபோது, அருவாளால் அறுத்த இலையும் வந்தது. முற்றின இலை, காம்பு, குச்சி எல்லாம் மூட்டைக்குள் வந்தது. எடை மேடையில் நின்று மருதாசலம் திருப்பி அனுப்புவார். முதலாளி வந்து, “அட, பக்கத்துப் பேக்டரியில எடுத்துக்கறாங்க, நாமளும் எடுத்துக்கலாமுங்க” என்பார். இப்போதும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மூட்டையாவது, படு மோசமானதை, திருப்பி அனுப்பாமல் அவர் விடுவதில்லை. போன மாதம் கருப்பம்மாவின் மூட்டையைப் பிரித்து அவர் உதட்டைப் பிதுக்கியபோது அவள் கேட்டாள்: “ஏஞ் சார், நாலரை ரூவா குடுத்துட்டுக் கொழுந்து கேக்குறீங்களே. கிள்ளுனா ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ. அறுத்தா அம்பது கிலோ. நீங்களே கணக்குச் சொல்லுங்க, நான் கிள்ளவா அறுக்கவா?”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றாள் தாரிணி.

“என்னத்தச் சொல்ல. மூட்டையத் தராசுல வெக்கச் சொன்னேன்.”

கம்பெனியில் அவர்களை ஒரு வெள்ளை ஓடு பதித்த அறைக்கு அழைத்துப் போனார்கள். நீளமான மேடை, பெரிய சன்னல். அந்த அறையைப் பார்த்ததும்தான் மருதாசலத்துக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. மூடி போட்ட வெள்ளைக் கோப்பைகள், கிண்ணங்கள், கரண்டி, துப்பும் தொட்டி, எல்லாம் அவர் அறையில் இருப்பவைதான். மொழி தெரியாத ஊரில் முதல் தடவையாக ஒரு அறை அவருக்குப் புரிந்தது.

சோதனை செய்பவர் ஒரு அம்மாள். கலீனா பெத்ரோவ்னா என்று தாரிணி பேர் சொன்னாள். அறுபதைத் தாண்டிய, குட்டையான, வெள்ளைக் கோட்டுப் போட்ட அம்மாள். மூக்குக்கண்ணாடி கழுத்தில் சங்கிலியில் தொங்கியது. இவர் டீ மேக்கர் என்று தாரிணி சொன்னதும் அவள் கையை நீட்டினாள். அவள் விரல் நுனிகளும் அவருடையவை போலவே பழுப்பேறி இருந்தன.

கம்பெனி முதலாளி நீலகிரியிலிருந்து வந்த மாதிரியை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல்லவில்லையாம். வேறு ஆறு மாதிரிகளோடு சேர்த்து, எது எதென்று தெரியாமல் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மாலைக்குள் அந்தத் தாள் முதலாளி மேசைக்குப் போய்விடும். தாரிணி அதைச் சொல்லிவிட்டு, சும்மா இராமல் அந்த அம்மாளிடம் மேற்கொண்டு ஏதோ சொன்னாள். கலீனா பெத்ரோவ்னா புருவத்தை உயர்த்தி மருதாசலத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்ன சொன்னீங்க அம்மிணி?”

“கண்ணக் கட்டினாலும் கண்டுபிடிச்சிருவீங்கன்னு சொன்னேன். அப்பக் கூடவே சேர்ந்து குடிச்சுப் பாருங்க, கண்டுபிடியுங்கங்கறாங்க.”

தூள் ஊற வேண்டிய நேரம் முடிந்து மணி அடித்தது. கிண்ணங்களில் சாறு இறங்கியிருந்தது. ஏழு கிண்ணம், எண் அடியில் மட்டும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு கரண்டியோடு நகர்ந்தார்கள். உறிஞ்சும் சத்தமும் துப்பும் சத்தமும் தவிர அறையில் எதுவும் இல்லை.

முதலாவது அசாம், அதில் சந்தேகமே இல்லை. இரண்டாவதை வாயில் வைத்ததும் மருதாசலம் முகத்தைச் சுளித்துத் துப்பினார். மூடியில் கவிழ்த்திருந்த சக்கையை விரலால் கிளறிப் பார்த்தார்.

“இது யாரு பண்ணினதோ, பாவம். பூராக் குச்சியும் நாரும். இலைய அருவாள்ல அறுத்திருக்காங்க. வாட்டறதுக்கும் நேரம் குடுக்கல. தண்ணியில துணி ஊறப்போட்டாப்ல இருக்குது.”

அவர் தனக்குள் சொன்னதுதான். வேலையில் இருக்கும்போது அப்படிப் பேசுவது அவர் பழக்கம். ஊரில் உதவியாளர்கள் அதைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். தாரிணி கூலி வாங்கும் வேலையாயிற்றே என்று அதை அப்படியே மொழிபெயர்த்தாள். கலீனா பெத்ரோவ்னா தலையை ஆட்டி எழுதிக்கொண்டாள்.

மூன்று, நான்கு ஒன்றும் விசேஷமில்லை. ஐந்தாவதில் கரண்டியை விடும்போதே கிண்ண விளிம்பில் செம்பு வளையம் தெரிந்தது. உறிஞ்சினார். நாக்கின் இரண்டு ஓரமும் சுருக்கென்று இழுத்தது, பிறகு விட்டது, விட்ட இடத்தில் லேசாகத் தித்தித்தது. அவர் துப்பவில்லை. விழுங்கினார். ஜனவரிப் பனிக் காலத்தில், இலை மெல்ல வளர்ந்து, சரியாகக் கிள்ளி, பதினெட்டு மணி நேரம் வாட்டி எடுத்தால் வருகிற டீ. மாஸ்கோவில் அவர் நாக்குக்குத் தெரிந்த முதல் பொருள்.

“இதுதாங்க” என்றார். “இது நம்மளது.”

மீதி இரண்டையும் மரியாதைக்குப் பார்த்தார். கலீனா பெத்ரோவ்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்தாள். ஐந்தாவதன் எண்ணைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டாள். ஏதோ சொன்னாள், குரலைத் தணித்து.

தாரிணி பட்டியலை எட்டிப் பார்த்தாள்.

“சொல்லுங்க அம்மிணி.”

“அஞ்சு வந்து கென்யாவாமுங்க.”

“அப்ப நம்மளது?”

அவள் இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்தாள்.

மருதாசலம் இரண்டாவது கிண்ணத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு கரண்டி எடுத்தார். மெதுவாக உறிஞ்சினார். இப்போது தெரிந்தது. அடியில், வெகு அடியில், அவருடைய அடுப்பின் சூடு இருந்தது. அந்தக் காந்தல் அவருக்குத் தெரியும். தினமும் சுவைப்பதுதான். ஆனால் ஊரில் அவர் இன்றைய தூளை நேற்றைய தூளோடு வைத்துத்தான் பார்ப்பார். அதுதான் முறை. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்ததில்லை. நேற்றைப் போலவே இன்று, இன்றைப் போலவே நாளை என்று பத்து வருஷம் பார்த்துப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நாக்கு ஒரு பக்கம் பழைய டீயை அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. தொழிற்சாலை இன்னொரு பக்கம் வந்து சேர்ந்திருந்தது. இரண்டையும் ஒரே மேடையில் வைத்துப் பார்க்க அவர் ரஷ்யா வர வேண்டியிருந்தது.

கலீனா பெத்ரோவ்னா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள். தானும் உட்கார்ந்தாள். பேசினாள்; தாரிணி இப்போது வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

“சோவியத் காலத்துல உங்க மலை டீ அஞ்சாம் நம்பர் மாதிரித்தான் இருந்துச்சாம். வர வர இப்படி ஆனப்ப, டீ கெட்டுப் போச்சுன்னு அவங்க நெனைக்கலையாம். தன்னோட நாக்குக்கு வயசாயிருச்சோன்னுதான் நெனைச்சாங்களாம்.”

மருதாசலம் தலையை ஆட்டினார். முட்டி வலித்தது.

அந்த அம்மாள் தாளைக் கையில் எடுத்தாள். அவள் சொன்னது இதுதான்: அவள் மட்டும் பார்த்திருந்தால், ‘சாறு மெலிவு, மலிவு விலைப் பொட்டலத்தில் கலக்க ஆகும்’ என்று எழுதியிருப்பாள். முதலாளி விலையைப் பார்ப்பார், வாங்குவார். மலிவுப் பொட்டலத்துக்கு அவருக்குத் தூள் வேண்டியிருக்கிறது. ஆனால் இப்போது தாளில், செய்தவரே சொன்னதாக, குச்சி என்றும் நார் என்றும் அருவாள் என்றும் இருக்கிறது. இந்தத் தாள் போனால் வாங்க மாட்டார்.

“நான் பாவிங்ணா” என்றாள் தாரிணி. கண் கலங்கிவிட்டிருந்தது. “வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். நான் தப்பா மொழிபெயர்த்துட்டேன்னு சொல்லிடறேங்க. அந்த ரெண்டு வரியும் வேற எதையோ சொன்னதுன்னு சொல்லிடறேன்.”

“தப்பாவெல்லாம் சொல்லல. நீங்க சரியாத்தான் சொன்னீங்க.”

கலீனா பெத்ரோவ்னா அவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“புதுத் தாள்ல எழுதட்டுமான்னு கேக்கறாங்க” என்றாள் தாரிணி.

சன்னலுக்கு வெளியே லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மருதாசலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருஷத்தில் அவர் நாக்கு சொன்னதை யாரும் மாற்றி எழுதியதில்லை. விலை பேசுவார்கள், சண்டை போடுவார்கள், முதலாளியே வந்து கத்துவார். ஆனால் மருதாசலம் சொன்னது சொன்னதுதான். பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள்கூடச் சந்தேகம் வந்தால் ஒரு பொட்டலத்தை அவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். அவரிடம் இருந்த ஒரே சொத்து அதுதான். நாற்பத்திரண்டு ஆட்களும் அவர்கள் வீடுகளும் கருப்பம்மாவின் மூட்டையும் இப்போது அதன் எதிர்த்தட்டில் இருந்தன. யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அவருக்கு நேரம் பிடித்தது.

“எழுதச் சொல்லுங்க அம்மிணி” என்றார்.

கலீனா பெத்ரோவ்னா பழைய தாளைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடவில்லை. நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். புதுத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மணியடித்து ஆளிடம் கொடுத்தனுப்பினாள். அரை மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. வாசல் வரை வந்து வழியனுப்பியபோது அவள் மருதாசலத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டலுக்குத் திரும்பும்போது ஆறு மணி. குன்னூரில் ஏழரை இருக்கும். வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் தாரிணி எண்ணைச் சுழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த ஸ்ரீநிவாசன் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“சொல்லுங்க மருதாசலம். என்ன ஆச்சு?”

“வாங்கிக்கறாங்க. மாசம் ஒரு கன்டெய்னர். இப்போதைக்கு ஆறு மாசம்.”

அந்தப் பக்கம் முதலாளி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “சித்த இருங்க” என்றார். உள்ளே யாரிடமோ உரக்கச் சொல்வது கேட்டது. மறுபடி வந்தார்.

“டீயைப் பத்தி என்ன சொன்னாங்க? நல்லா இருக்குதுன்னாங்களா?”

“வாங்கிக்கறேன்னாங்க.”

“அது சரி. நல்லா இருக்குதுன்னாங்களா?”

“வாங்கிக்கறேன்னாங்க, மொதலாளி.”

“சரி, சரி. நீங்க களைச்சுப் போயிருப்பீங்க. சாப்பிட்டுத் தூங்குங்க. அப்பறம் ஒண்ணு. கன்டெய்னர் ரொம்போணும்னா இலை நெறைய வேணும். நாளைக்குக் காலையில இருந்து வர்ற மூட்டை எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லிடறேன். நீங்க வர்ற வரைக்கும் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். என்னுங்க?”

“வேண்டாமுங்க.”

“நீங்க வந்த பொறவு உங்க இஷ்டம்.”

கூண்டுக் கண்ணாடிக்கு அப்பால் தாரிணி மப்ளரை இழுத்துக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாசலம் ரிசீவரைக் காது மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

“வந்த பொறவும் வேண்டாமுங்க” என்றார்.